குளங்கரை நாற்காலி: சாய்ந்திருந்தோரும் நின்றிருந்தோரும்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் உதியன்குளங்கரை. அப்பெயரின் பிற்பகுதி குளம், கரை என்னும் இரு சொற்களின் புணர்ச்சி. தமிழில் ‘குளங்கரை’ என மெல்லினமும் வல்லினமும் அடுத்தடுத்து நிற்கும். மலையாளத்தில் வல்லினம் முன்னுள்ள மெல்லினத்தோடு ஒன்றிவிட, அது ‘குளங்ஙர’ என ஒலிக்கும். தேங்காய் ‘தேங்ங’ ஆனதும், மாங்காய் ‘மாங்ங’ ஆனதும், நீங்கள் ‘நிங்ஙள்’ ஆனதும் இதே விதியால்தான். இறுதி ஐகாரம் அகரமாவதும் இவ்விரு மொழிகளுக்கிடையே ஒழுங்காக நிகழும் வேறுபாடே. ‘உதியன்’ சங்கப் பாடல்களில் சேரர்க்குரிய பெயராக வழங்குவது. எனினும் பெயரொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு ஊரை அரசனோடு முடிச்சுப் போடுவது வரலாற்று முறையாகாது. பெயரின் பிற்பகுதி தரும் செய்தி ஐயத்துக்கு இடமற்றது: குளத்தின் கரை.

இவ்வூருக்கு மேற்கே, பூவாறு, விழிஞ்ஞம், கோவளம் எனக் கடலோரம் நீளும் விடுதிகளில் ‘குளங்கரை’ என்பது வேறொரு பொருள் பெற்றிருக்கிறது. நீல ஓடு பதித்த நீச்சல் குளங்களின் கரையில் நீண்ட சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கின்றன. முதுகுப்பகுதியைப் படிப்படியாக உயர்த்தவும் தாழ்த்தவும் இயலும்; காலை நீட்டிக் கிடக்க முழுநீளத் தளம் உண்டு; ஈரம் வடிய இடைவெளிகள் உண்டு. ஒரு மனிதர் வேலையின்றிக் கிடப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் இது. இப்பொருள் இக்கரைக்கு வந்து சேர்ந்த வழியைத் தொடர்ந்தால், தென் திருவிதாங்கூரில் யார் சாயலாம், யார் அமரலாம், யார் நின்றே தீரவேண்டும் என்ற பழைய கணக்கு ஒன்று வெளிப்படுகிறது.

முதலில் சொற்கள். பழந்தமிழில் இருக்கை, தவிசு, பீடம், மணை, கட்டில் ஆகியவை அமர்வதற்கும் கிடப்பதற்கும் உரிய பொருள்களைச் சுட்டின. இவற்றுள் கட்டில் அரசுரிமையோடு நெருங்கியது. ‘அரசுகட்டில்’ என்பது சிம்மாசனத்தையே குறித்தது. புறநானூற்றின் 50ஆம் பாடலோடு இணைந்த நிகழ்ச்சி நன்கறியப்பட்டது. முரசை நீராட்டக் கொண்டுசென்றிருந்த வேளையில், அதன் கட்டிலில் அறியாது படுத்துறங்கினார் புலவர் மோசிகீரனார். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவரை வாளால் வெட்டாமல், கவரி கொண்டு வீசி நின்றான். இந்நிகழ்ச்சி பெரும்பாலும் அரசனின் தமிழன்புக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அதன் மறுபக்கமும் கவனிக்கத் தக்கது. தனக்குரியதல்லாத இருக்கையில் உடலைச் சாய்ப்பது உயிரிழக்கத் தக்க குற்றமாக இருந்ததால்தான், அதைப் பொறுத்த செயல் பாடலுக்குரியதாயிற்று.

‘நாற்காலி’ என்ற சொல் பொருளின் வடிவத்தைக் கால் எண்ணிக்கையால் சுட்டுகிறது. ‘முக்காலி’ அதன் இணை. ஈழத்தமிழர் அதே பொருளைக் ‘கதிரை’ என்பர். இது ‘கதெய்ரா’ என்னும் போர்த்துகீசியச் சொல்லின் தமிழ் வடிவம். மலையாளத்தின் ‘கசேர’ என்பதையும் அகராதி மரபு அதே மூலத்தோடு இணைக்கிறது. குமரி மாவட்டத்தின் மேற்குப்பகுதிப் பேச்சிலும் ‘கசேர’ இயல்பாகப் புழங்குகிறது. வடக்கே கன்னடமும் தெலுங்கும் அரபு வழிவந்த ‘குர்சி’யைக் ‘குர்ச்சி’ என ஏற்றன. ஆக, கால் எண்ணிப் பெயரிட்ட தமிழ்நாட்டு வழக்கு ஒருபுறம். கடல்வழி வந்த பெயரை ஏற்ற ஈழமும் கேரளமும் மறுபுறம். நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வட்டாரம் இவ்விரண்டும் சந்திக்கும் இடம்.

போர்த்துகீசியச் சொல்லுக்கு மூலம் இலத்தீனின் ‘கதெத்ரா’; அதற்கு மூலம் கிரேக்கம். ஆயர் அமரும் இருக்கைக்கும், ஆசிரியர் பாடஞ்சொல்லும் இருக்கைக்கும் அப்பெயர் வழங்கியது. ஆயரின் இருக்கை உள்ள தேவாலயம் ‘கதீட்ரல்’ எனப்பட்டது. பல்கலைக்கழகங்களில் ‘தமிழ் இருக்கை’ என்று இன்று நாம் சொல்வதும் அந்த ஆசிரிய இருக்கையின் நீட்சியே. பிரெஞ்சு மொழியில் இதே வேர் ‘ஷேஸ்’ எனத் திரிந்து, நீண்ட நாற்காலியைக் குறிக்கும் ‘ஷேஸ் லோங்’ என்ற தொடரைத் தந்தது. அதன் பின்பகுதிக்கு ‘நீண்ட’ என்பதே பொருள். ஆங்கிலம் பேசுவோர், குறிப்பாக அமெரிக்கர், அதைத் தமக்குப் பழக்கமான ‘லவுஞ்’ என்ற சொல்லாக மாற்றிக்கொண்டனர். பொருள் விளங்காத அயற்சொல்லைத் தெரிந்த சொல்லின் சாயலில் திருத்திக்கொள்ளும் இவ்வழக்கத்துக்கு மொழியியலார் தரும் பெயர் நாட்டார் சொற்பிறப்பு. யாழ்ப்பாணத்துக் கதிரையும், பேப்பூரின் கசேரயும், கோவளத்து நீச்சல் குளத்தின் ‘லவுஞ்ச’ரும் இவ்வாறு ஒரு குடும்பத்து உறவுகள்.

‘சாய்’ என்ற பகுதியும் சிந்தனைக்குரியது. தமிழ்நாட்டில் ‘சாய்வு நாற்காலி’, ஈழத்தில் ‘சாய்மனைக் கதிரை’, மலையாளத்தில் ‘சாருகசேர’. மலையாளத்தின் ‘சாருக’ என்னும் வினை உடலைச் சுவரிலோ தூணிலோ சார்த்துவதைக் குறிக்கும். அதன் தமிழ் உறவான ‘சார்’ இன்று பெரிதும் கருத்துநிலைப் பொருளில் வழங்குகிறது: ஒருவரைச் சார்ந்திருத்தல், சார்பு, சார்பாளர். உடல் எதன்மேல் சாய்கிறதோ, அதனால் தாங்கப்படுகிறது. தாங்குவோர் இன்றிச் சாய்வோர் இல்லை. இத்தொடர்பைச் சொல் பாதுகாத்து வைத்திருக்கிறது.

நாற்காலி வருமுன்பும் இந்நிலத்தில் சாய்ந்திருந்தனர். கேரள வீடுகளின் பூமுகத்தில், முதுகு சாயும் வகையில் சரிந்த மரச்சட்டங்கள் பொருத்திய இருக்கைக்குச் ‘சாருபடி’ என்று பெயர். தமிழகத்துத் திண்ணைகளில் தலை வைக்கும் பக்கம் சற்றே உயர்த்திச் சரிவாகக் கட்டிய மேடை அதற்கு ஈடானது. இரண்டும் வீட்டின் முகப்பில் அமைந்தவை. அங்கே சாய்ந்திருப்பவர் தெருவைப் பார்த்தார். தெருவில் போவோர் அவரைப் பார்த்தனர். ஆகவே, சாய்வு ஓய்வு மட்டுமன்று. அது காட்சிக்கு வைக்கப்பட்ட தகுதியும் ஆகும்.

இத்தகுதிக்குச் சமய உருவமும் உண்டு. வைணவ மரபு இறைவனின் திருக்கோலங்களை நின்ற, இருந்த, கிடந்த என மூன்றாக வகுக்கும். திருவனந்தபுரத்துப் பத்மநாபரும் திருவட்டாற்று ஆதிகேசவரும் கிடந்த கோலத்தினர். 1750இல் மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டைப் பத்மநாபருக்கு அர்ப்பணித்து, இறைவனின் தாசராக ஆளத் தொடங்கினார். திருவிதாங்கூரின் சட்டப்படியான தலைவர் பாம்பணையில் சாய்ந்திருக்கும் தெய்வம். அரசர் அவர்முன் நிற்கும் ஊழியர். அரசருக்கு முன் அலுவலர் நின்றனர். அலுவலருக்கு முன் குடிகள் நின்றனர். கிடத்தல், இருத்தல், நிற்றல் என்ற வரிசை அப்படியே அதிகார வரிசையாக இறங்கியது.

இன்று நமக்குப் பழக்கமான சாய்வு நாற்காலி ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் உருப்பெற்றது. அதன் ஒரு வகை தேக்கு அல்லது ஈட்டி மரத்தால் ஆனது. இருக்கையும் முதுகும் பிரம்பால் பின்னப்பட்டவை. கைப்பிடிகள் மிக நீண்டவை. கைப்பிடியின் அடியில் மடங்கியிருக்கும் பலகையை முன்னே திருப்பினால், அதன்மேல் கால்களை நீட்டிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இதற்குத் ‘தோட்டத்துரை நாற்காலி’ என்னும் பொருள்படும் பெயர் உண்டு. மரச்சாமான் வணிகத்தில் இதற்கு வழங்கும் இன்னொரு பெயர் ‘பெர்பீஸ் நாற்காலி’. பெர்பீஸ், தென் அமெரிக்காவின் கயானாக் கரையில் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய கரும்புத் தோட்டப் பகுதி. 1838 முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகள் கயானாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். முதலில் கல்கத்தாவிலிருந்தும், 1845 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. நாற்காலியின் இரு பெயர்களும் தோட்டத்திலிருந்து வந்தவை. அவற்றில் அமர்ந்தவரின் பெயர் உண்டு. தோட்டத்தின் பெயர் உண்டு. கரும்பு வெட்டியவர்களின் பெயர் இல்லை.

மற்றொரு வகை துணி நாற்காலி. இரு மரச்சட்டங்கள் குறுக்கே மடங்கும். பின்புறத்துப் பற்களில் ஒரு சட்டத்தைப் பொருத்திச் சாய்வைக் கூட்டலாம், குறைக்கலாம். தடித்த துணியின் இரு முனைகளிலும் செருகிய கழிகள் உடலின் எடையைத் தாங்கும். கப்பல் தளங்களில் பயணிகளுக்காக விரிக்கப்பட்ட நாற்காலியும் இதே இனம். மடித்தால் சுவரோரம் சாத்திவிடலாம் என்பதாலும், பிரம்பு நாற்காலியைவிட மலிவு என்பதாலும் இது எழுத்தர், ஆசிரியர், வக்கீல் வீடுகளுக்கும் வந்தது. தாத்தா அமரப்போகும் நேரம் பார்த்துக் கழியை உருவிவிடும் பிள்ளைகளின் குறும்பு, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒன்றுபோல் நினைவுகூரப்படுவது. அது வெறும் குறும்பா, வீட்டின் அதிகார வரிசைக்குச் சிறுவர் காட்டிய எதிர்வினையா என்பதை மானிடவியல் மாணவர் ஆராயலாம்.

ஏனெனில் அந்நாற்காலி வீட்டில் ஒருவருக்கே உரியது. மருமக்கள்வழிக் குடும்பங்களில் அது காரணவரின் இடம். பெண்களும் இளையோரும் அதில் அமர்வது வழக்கமில்லை. அதன்முன் நின்றே பேசினர். நாஞ்சில்நாட்டு வேளாளர் குடும்பங்களில் காரணவரின் அதிகாரம் விளைத்த துன்பங்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மிய’த்தில் எள்ளலோடு பதிவு செய்தார். 1925இன் நாயர் சட்டமும் 1926இன் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமும் கூட்டுச்சொத்தைப் பங்கிட வழி திறந்தன. நிலம் பிரிந்தது, காரணவரின் நாற்காலி மட்டும் பூமுகத்தில் எஞ்சியது.

அவ்வாறு எஞ்சிய நாற்காலியையே தோப்பில் முஹம்மது மீரான் தம் நாவலின் தலைப்பாக்கினார். 1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சாய்வு நாற்காலி’யில், பழம்பெருமை பேசும் முஸ்தபாக்கண்ணு வீட்டின் மரச்சாமான்களை ஒவ்வொன்றாக விற்று உண்கிறார். விளவங்கோடு கடற்கரையின் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, மலையாள வழியில் கல்வி கற்று, தமிழில் எழுதியவர் மீரான். சாய்ந்திருப்பவரின் பெருமையை வீட்டுப் பெண்களின் பட்டினி தாங்குவதை அந்நாவல் போல வெளிப்படையாகக் காட்டிய தமிழ்ப் படைப்புகள் சிலவே. கேரளத்தின் வடபகுதியில் இதே பொருள் வேறொரு முகம் கொண்டது. பேப்பூரில் மாங்கோஸ்டீன் மரத்தடியில் சாருகசேரையில் அமர்ந்திருந்த வைக்கம் முகமது பஷீரின் தோற்றம், அதிகாரம் துறந்த ஓய்வின் படிமமாக மலையாளிகள் மனத்தில் நிலைத்தது.

இவையெல்லாம் நாற்காலி உடையோரின் வரலாறு. நெய்யாற்றின்கரைத் தாலுகாவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. கோவளத்துக்கு அருகேயுள்ள வெங்ஙானூரில் 1863இல் பிறந்தவர் அய்யங்காளி. புலையர்க்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் 1893இல் அவர் வில்வண்டி ஏறிச் சென்றார். அந்நிகழ்வு ‘நடக்கும் உரிமை’ப் போராட்டமாக நினைவுகூரப்படுகிறது, ஆயினும் அவர் அன்று நடக்கவில்லை, வண்டியில் அமர்ந்து சென்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். மேல்சாதியினர்க்கே உரியதெனக் கருதப்பட்ட இருக்கை அது. 1910களில் பஞ்சமி என்னும் சிறுமியை ஊருட்டம்பலம் பள்ளியில் சேர்க்க அவர் அழைத்துச் சென்றபோது எழுந்த கலவரத்தில் பள்ளி எரிக்கப்பட்டது. தீயில் கருகிய ஒரு பெஞ்சின் மிச்சம் அப்பள்ளியில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பள்ளி இன்று அய்யங்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது. தென் திருவிதாங்கூரின் இருக்கைகளைக் காட்சிப்படுத்தும் அருங்காட்சியகம் ஒன்று அமையுமானால், பத்மநாபபுரம் அரண்மனையின் சீன நாற்காலியோடு இக்கருகிய பலகையும் அதில் இடம்பெற வேண்டும்.

நீச்சல் குளக்கரை நாற்காலியின் நேரடி மூதாதை, வீட்டுப் பூமுகத்திலிருந்து வரவில்லை, மருத்துவமனையிலிருந்து வந்தது. ஜெர்மனியின் ஃபால்கன்ஸ்டைனில் பீட்டர் டெட்வைலர் 1876இல் தொடங்கிய சிகிச்சை முறையில், காசநோயாளர் திறந்த தாழ்வாரங்களில் நாள்தோறும் பல மணிநேரம் சாய்ந்து கிடந்தனர். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரம் அதற்கெனத் தனி நாற்காலி வகைக்கே பெயர் தந்தது. ஒளிக்கதிர் மருத்துவத்துக்காக நீல்ஸ் ஃபின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் அகஸ்ட் ரோலியே லெய்சினில் வெயில் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். தமிழகத்திலும் இதன் தடம் உண்டு. டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய காசநோய் நிலையத்தால், அங்குள்ள தொடர்வண்டி நிலையத்துக்குச் ‘சானடோரியம்’ என்ற பெயர் நிலைத்தது. நோய் தீர்க்கும் கடமையாக இருந்த வெயிலில் கிடத்தல், இரு உலகப்போர்களுக்கு இடையே ஐரோப்பியரின் விடுமுறை இன்பமாக மாறியது. வெளிறிய தோல் உழைக்காதவரின் அடையாளமாக இருந்த காலம் போய், வெயிலில் கருத்த தோல் விடுமுறை பெற்றவரின் அடையாளமாயிற்று. 1966இல் ரிச்சர்ட் ஷுல்ட்ஸ் நோல் நிறுவனத்துக்காக அலுமினியச் சட்டத்தில் வடிவமைத்த வெளிப்புறச் சாய்விருக்கை, கடற்காற்றில் துருவேறாத குளக்கரை நாற்காலிக்கு ஒரு முன்மாதிரியானது.

கோவளம் இம்மாற்றத்தின் இந்திய முகம். திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் 1930களின் தொடக்கத்தில் அங்கே கடலோர மாளிகை ஒன்றைக் கட்டினர். 1960களில் அது அரசின் கைக்கு மாறியது. அதே குன்றில் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்காக சார்லஸ் கொரயா 1969 முதல் 1974 வரை உருவாக்கிய விடுதி, சரிவிலே படிப்படியாக இறங்கும் அறைகளைக் கொண்டது. ஒவ்வோர் அறைக்கும் வெயில் காயத் தனித் தளம் அமைந்தது. பூமுகத்துச் சாருபடி தெருவை நோக்கியது. கொரயாவின் வெயில்தளம் கடலை நோக்கியது. சாய்ந்திருப்பவரை இப்போது ஊர் பார்ப்பதில்லை. அவருக்குத் துண்டு விரித்து, குடை சரித்து, இளநீர் வைப்பவர் மட்டுமே பார்க்கிறார், அவர் நின்றுகொண்டிருக்கிறார்.

நிற்போர் பற்றிய கேள்வி 21ஆம் நூற்றாண்டில் கேரளத்திலேயே சட்டமாகியது. துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை செய்த பெண்கள், கோழிக்கோட்டில் உருவான ‘பெண்கூட்டு’ அமைப்பின் முன்னெடுப்பில் அமரும் உரிமை கோரினர். அப்போராட்டத்துக்கு ‘இரிக்கல் சமரம்’ என்று பெயர். 2018இல் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திப் பணியாளர்க்கு இருக்கை அளிப்பதைக் கேரளம் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2021இல் அத்தகைய திருத்தத்தை நிறைவேற்றியது.

இவ்விரு ஆண்டுகளும் எல்லைப்பகுதிக்குத் தனிப்பொருள் உடையவை. திருத்தமிழகப் போராட்டம் கோரிய தாலுகாக்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் விழுந்த அக்கோடு பேருந்தின் நிறத்தையும் பெயர்ப்பலகையின் எழுத்தையும் மட்டும் மாற்றவில்லை. உதியன்குளங்கரையில் ஒரு கடைப்பெண்ணுக்கு 2018இல் கிடைத்த அமரும் உரிமை, சில கிலோமீட்டர் தெற்கே, ஏறத்தாழ அதே பேச்சைப் பேசும் மற்றொரு பெண்ணுக்கு மூன்றாண்டுகள் கழித்தே கிடைத்தது.

‘இரிக்கல்’ என்ற சொல்லுக்கு மீண்டும் வரலாம். மலையாளத்தில் ‘இரிக்குக’ என்றால் அமர்தல். தமிழில் ‘இரு’ என்பதன் முதற்பொருள் இன்று உளதாதல். அமர்தலுக்கு ‘உட்கார்’ வந்துவிட்டது. பழந்தமிழில் இரண்டு பொருளும் ஒரே வினையில் அடங்கின. ‘இருந்த கோலம்’ என்பதில் இன்றும் அது தெரிகிறது. இருப்பதும் அமர்வதும் ஒன்றாகவே எண்ணப்பட்ட மொழியில், ஒருவருக்கு இருக்கையை மறுப்பது எதை மறுப்பது என்று விளக்க வேண்டியதில்லை. பொருள்சார் பண்பாட்டை ஆராயும் மாணவர்கள் நாற்காலியின் மரம், பிரம்பு, வடிவம், வணிகம் ஆகியவற்றை அளந்து பதிவு செய்கின்றனர். அத்துடன் ஒவ்வொரு பழைய ஒளிப்படத்திலும் நாற்காலிக்கு எத்தனை அடி தள்ளி யார் நின்றிருக்கிறார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். குளங்கரை நாற்காலியின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பாதி அங்கேதான் இருக்கிறது.